வலைக்குறி போட்ட வாக்குகள்

கரண்ட் போன அந்தச் சிறிது நேரத்தில், மேசையின் மேல் என் கைக்குப் பக்கத்தில் ஒரு கை இருந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கையை வைத்து ஆளாளுக்குக் கதை கட்டிவிட்டார்கள். இலங்கைத்துறைக்குத் தெற்கே ஒரு கரையோரக் கிராமம், பெயர் வேண்டாம், அங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் பிரதேச சபைத் தேர்தல் வாக்குகளை எண்ணத் தொடங்கியிருந்தோம். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம். மின்விசிறி முனகி நின்றது; வெளிச்சமும் போனது. நான் இரண்டு கைகளையும் வாக்குச்சீட்டுக் குவியலின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில், "ஒருத்தரும் அசையப்படாது! எல்லாரும் கையை மேசையில வையுங்க!" என்று கத்தினேன். சடசடவென்று கைகள் மேசை விளிம்பில் விழுந்தன. என் இடப்பக்கம் விழுந்தது தவிசாளரின் கை. யாரோ கைத்தொலைபேசி வெளிச்சத்தை அடித்தபோது அது அதே இடத்தில்தான் இருந்தது. கரைவலைக் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்து, விரல் மூட்டெல்லாம் வெடித்துக் கிடந்த கை. குவியலில் ஒரு சீட்டுக்கூட நகரவில்லை.

தவிசாளர் என்றால் அப்போது அவர் முன்னாள் தவிசாளர், அந்தத் தேர்தலில் மறுபடி வேட்பாளர். ஒரு தவணை அந்தச் சபையின் கதிரையில் இருந்தவர். பிறகு மனைவிகூட அவரைத் தவிசாளர் என்றே கூப்பிட்டாள். தொழிலில் சம்மாட்டி, அதாவது கரைவலைக்குச் சொந்தக்காரர். கரைவலை ஒருவரால் ஆகிற காரியமல்ல. தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு நுனியும் கரையில் இருக்கும். ஊரே திரண்டு இரண்டு பக்கமும் நின்று இழுத்தால்தான் மீன் கரைக்கு வரும். அப்படி ஊரை இழுக்க வைத்துப் பழகிய ஆளுக்கு அரசியல் ஒன்றும் புதிதல்ல.

என்னை அவருக்குப் பிடிக்காது. ஒளிப்பானேன்? நான் கிண்ணியாக்காரி, முஸ்லிம், மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிரதி அதிபர், தேர்தல் கடமைக்காக அந்த வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டிருந்தேன். அவரோ மேடையில் ஏறினால் கிண்ணியாக்காரரைத் தொடாமல் இறங்கமாட்டார். அவர்களுடைய கடல், அவர்களுடைய காணி, எல்லாவற்றையும் நாங்கள்தான் வாயில் போட்டுக்கொண்டோமாம். காலையில் நான் பெட்டியுடன் வந்து இறங்கியபோது என் முக்காட்டைப் பார்த்துவிட்டு, "வேற ஆள் கிடைக்கேல்லையோ?" என்று என் காதில் விழும்படியே கேட்டார். "கிடைச்சிருந்தா நானும் வீட்டிலதான் இருந்திருப்பன்" என்றேன். நாள் முழுக்கப் பருந்து மாதிரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைச் சொறிந்தாலும் ஆட்சேபம்.

கரண்ட் வந்தது, மறுபடி எண்ணத் தொடங்கினோம். கட்சிச் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, அவ்வளவுதான் வாக்கு. குழந்தையும் போடும். ஆனால் முதலில் என் கைக்கு வந்த சந்தேகச் சீட்டில் புள்ளடி இல்லை. அவருடைய கட்சிக்கு நேரே ஒரு தூண்டில் கொக்கி, அதன் கீழே மூன்று புள்ளி. யார் போட்டது என்று காட்டக்கூடிய எந்தக் குறி இருந்தாலும் அந்தச் சீட்டு செல்லாது. கட்சி முகவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி அதை உயர்த்திப் பிடித்து, "இது என்ன கிறுக்கல்?" என்று கேட்டேன். தவிசாளர் கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்ததில் ஒரு சீப்பு. அடுத்ததில் நட்சத்திரம். பிறகு மீன் முள், மறுபடியும் கொக்கியும் மூன்று புள்ளியும், பிறகு பிறை மாதிரி ஒன்று. எல்லாம் அவர் கட்சிக்கு நேரே. நிராகரித்த சீட்டுகள் என் வலப்பக்கம் ஏறிக்கொண்டே போயின. நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் அவர் தோற்றது சொற்ப வாக்குகளால். நிராகரித்த குவியல் அதைவிடப் பெரிது.

அந்தக் குறிகள் என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வலைக்குறி உண்டு. மிதப்புக் கட்டையிலும் தோணியின் முகப்பு அணியத்திலும் அதைச் செதுக்கியிருப்பார்கள், கடலில் வலை மாறிச் சண்டை வராமல் இருக்க. எழுதத் தெரியாத கிழவனும் தன் குறியை மணலில் கீறுவான். கட்சியின் மாவட்ட அமைப்பாளர் திருகோணமலை டவுனிலிருந்து வந்து, தவிசாளருக்குத் தெரியாமல் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்: புள்ளடியை ஆரும் போடலாம், நீங்கள் போட்டதெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்கட குறியைக் கீறுங்கோ. எண்ணேக்க எங்கட ஆக்கள் பாப்பினம். குறி இருக்கிற வீட்டுக்குத்தான் தோணி எஞ்சின். சனம் எஞ்சினுக்கு ஆசைப்பட்டுக் கவனமாக, அழகாக, கோணாமல் கீறியிருக்கிறது. கொக்கியும் மூன்று புள்ளியும் யாருடைய குறி தெரியுமா? தவிசாளருடையது. அவர் மனைவி, மனைவியின் தம்பி, தம்பி பெண்சாதி, எல்லாரும் அவருக்கு வாக்குப் போட்டு அவரைத் தோற்கடித்தார்கள்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். தோல்வி அறிவித்த மறுநாளே கட்சி புரளி கிளப்பத் தொடங்கிவிட்டது. கரண்ட் தானாகப் போகவில்லை, போக வைத்தார்கள், இருட்டில் கிண்ணியாக்காரி சீட்டுகளை மாற்றிவிட்டாள், முக்காட்டுக்குள்ளே கொண்டுவந்தாள். விளையாட்டுப் போட்டியில் நான் சிரித்துக்கொண்டு கிண்ணம் கொடுத்த படத்தை எடுத்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "வாக்குக் கள்ளி" என்று பேஸ்புக்கில் ஏற்றினார்கள். பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்து அதைச் சத்தமாக வாசித்தார்கள். "நெருப்பில்லாமப் புகையுமோ?" என்று கேட்டவள் என் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கிறவள், என் வீட்டு நோன்புக் கஞ்சியை வருஷா வருஷம் குடித்த வாய் அது. விசாரணைக்குக் கடிதம் வந்தது. கட்சியின் முறைப்பாட்டுக்கு வேட்பாளரே சாட்சி சொன்னால் எனக்கு வேலை போகும், வழக்கும் வரும் என்று மேலதிகாரி சொன்னார். சொல்லும்போது தேநீரில் ரஸ்க் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேலை மட்டும் என்றால் பரவாயில்லை. என் நானா, அதாவது என் மூத்த சகோதரன், அந்தக் கரைக்கு ஐஸ் லொறி கொண்டுபோய் மீன் எடுக்கிறவர். வெருகல் பக்கத்தில் லொறிக் கண்ணாடியை உடைத்தார்கள். நெற்றியில் தையலோடு வீட்டுக்கு வந்தவர், "புள்ள, நீ ஒண்டும் செய்யல்லத்தானே?" என்று என்னைக் கேட்டார். என் கூடப்பிறந்தவர்! கண்ணாடி உடைந்ததைவிட அந்தக் கேள்விதான் எனக்கு நொந்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவர் கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு டவுனில், துறைமுகம் தெரிகிற ஒரு மண்டபத்தில் கட்சி ஊடகக்காரரைக் கூப்பிட்டது. தவிசாளரை நடுவில் இருத்தி, அமைப்பாளர் பக்கத்தில் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மோதிரம், தலையைச் சரித்துத் துக்கம் காட்டுகிற முகம். நான் அதைத் தொலைபேசியில் பார்த்தேன். என் தலையெழுத்தை இந்த மனுஷன் வாயால் கேட்கப் போகிறேனே என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். தவிசாளர் ஒலிவாங்கியை இழுத்து, தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தரும் களவெடுக்கேல்லை. கரண்ட் போன நேரம் அந்த டீச்சரின்ர கைக்குப் பக்கத்தில என்ர கை இருந்தது. அவ அசைஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கட சனம் புள்ளடி போடாமல் வலைக்குறி கீறினது. கீறச் சொன்ன ஆள் இந்தா எனக்குப் பக்கத்தில இருக்கிறார். என்ர மனிசியும் கீறினவ. பிழை எங்கட. வேற கதை இல்லை."

அமைப்பாளர் ஒலிவாங்கியைப் பிடுங்குவதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். மெதுவாக அழவில்லை, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவருகிற அளவுக்கு அழுதேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊர்கள் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வாக்கு மாறியது என்ற கதை போய், "கைக்குப் பக்கத்தில கை இருந்ததாம்!" என்ற கதை வந்தது. இருட்டில் வேறு என்னென்ன பக்கத்தில் இருந்தது என்று பாட்டுக் கட்டினார்கள். அவருக்குக் கிண்ணியாக்காரன் காசு கொடுத்தான் என்றார்கள், நான் மை போட்டு மயக்கினேன் என்றார்கள். கட்டாரில் இருந்த என் கணவர் அன்றிரவு அழைத்தார். வேலை தப்பியது என்று சொல்லப் போனேன். "அந்த ஆள் என்னத்துக்குக் கையைப் பத்திச் சொன்னவன்?" என்று மட்டும் கேட்டார். எனக்காக உண்மை சொன்ன ஒரே ஆள், அதைச் சொன்ன விதத்திலேயே என்னை மாட்டிவிட்டார்.

நன்றி சொல்லாமல் இருந்தால் அது மனிதத்தன்மையல்ல என்று, நானா மறுபடி அந்தக் கரைக்குப் போன முதல் நாளே நானும் லொறியில் ஏறிக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தவிசாளரின் தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டது. தோணிக்காரர் இரண்டாவது கயிற்று நுனியையும் மணலில் போட்டுவிட்டு, தோணியை அப்படியே விட்டுக் கூட்டத்தோடு போய் நின்றார்கள். ஆண்களும் பெண்களுமாக ஊரே கரையில்தான் இருந்தது. ஆனால் கயிற்றை ஒருவரும் தொடவில்லை. வலை போட முன்பு வரமாட்டோம் என்று சொல்லியிருந்தால் அவர் வலையைப் போட்டிருக்கவே மாட்டார். போடவிட்டு, முழுதாக வளைக்கவிட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டார்கள். எவ்வளவு யோசித்துச் செய்த வேலை!

"இழுங்கோவன்" என்றார் தவிசாளர். முதலில் அதிகாரமாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கிழவி, அவருக்கு மாமி முறை, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"களவு குடுத்த சனம் எண்டு தலை நிமித்தி நிண்டனாங்கள், மோனே. மடைச் சனம் எண்டு ரீவியில சொல்லிப்போட்டாய். மடையருக்குக் கயிறு இழுக்க ஏலுமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். பறிகொடுத்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு. ஏமாந்தவனுக்கு அது இல்லை. அந்தச் சனத்துக்கு உண்மை தெரியாமல் இல்லை. கொக்கியும் சீப்பும் நட்சத்திரமும் கீறியது அவர்கள் கைதான். ஆனால் என் தலையை உருட்டினால் தங்கள் தலை தப்பும் என்று ஒரு வழி கிடைத்திருந்தது, அதை அவர் அடைத்துவிட்டார். அதை எப்படிப் பொறுப்பார்கள்?

அவரும் மனைவியும் ஒரு கயிற்றைப் பிடித்தார்கள். நானா மறு கயிற்றைப் பிடித்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பிடித்தேன். நான்கு பேர் இழுத்தால் கரைவலை வருமா? நீரோட்டம் எங்களைத்தான் கடலுக்கு இழுத்தது. கூட்டம் எங்களுக்கு "ஏலேலோ" சொல்லித் தாளம் போட்டது. வலைக்குள் மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது, நல்ல பாரைக் கூட்டம். வெயில் ஏற ஏறத் துள்ளல் குறைந்தது. காகங்கள் வந்தன. அவர் கயிற்றைக் கட்டையில் சுற்றிக் கட்டிவிட்டு மணலில் குந்தினார். பிறகு எழுந்து தோணியிலிருந்த கத்தியை எடுத்தார்.

"என்ன செய்யிறீங்க?" என்று நானா ஓடினார்.

"இதுக்குள்ள செத்து நாறினா நாளைக்கு இந்தக் கரையில ஒருத்தனும் வலை போட ஏலாது" என்றார். ஒரு பக்கத்தை அறுத்துவிட்டால் வலை திறந்து மீன் போய்விடும். அவருக்குக் கயிறு இழுக்க மறுத்தவர்களின் நாளைய தொழிலுக்காக அவர் தன் வலையை அறுத்தார். கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டார். கயிற்றில் ஒரு சுற்று இடக்கையில் கிடந்தது. அறுந்த கயிறு கடலை நோக்கிப் பாய்ந்தபோது அவருடைய சின்ன விரலையும் கொண்டுபோனது. கூட்டத்தின் சிரிப்பு நின்றது. ஆனால் ஒருவரும் கிட்ட வரவில்லை. என் முக்காட்டுத் துணியைக் கிழித்து நான்தான் கட்டினேன்.

லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் நன்றி சொன்னேன். வேறு எப்போது சொல்வது? அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்காக ஆர் சொன்னது? நான் தோத்தது என்ர ஆக்களால. என்னைத் தோற்கடிச்ச பெருமையைக் கிண்ணியாக்காரிக்குக் குடுக்க ஏலாது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மனைவி பின்னால் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என்னைத் தனியாகப் பிடித்து, "நீங்கள் வந்தது காணும். இனி வராதையுங்கோ. எனக்கு ஊருக்குள்ள இருக்க வேணும்" என்றாள். அதன் பிறகு நான் அவர்களைத் தேடிப் போகவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

கட்சி அவரை நீக்கியது, ஒழுக்க மீறலாம். அவர் பேச்சைத் துண்டுப்பிரசுரமாக அடித்து மகிழ்ந்த, தேர்தலில் வென்ற கட்சி, அவர் கடன் உதவி கேட்டுப் போனபோது தண்ணீர் கொடுத்து அனுப்பியது. எனக்கு ஒரு வரிக் கடிதம் வந்தது, மேலதிக நடவடிக்கை இல்லை என்று. வருத்தம் தெரிவிக்கவில்லை, அது அரசாங்கக் கடிதத்தில் வராத சொல். அறுந்த வலை கடலடிப் பாறைப் பாரில் சிக்கிக் கிழிந்தது. அமைப்பாளர் அந்தக் கரையில் காணி வாங்கிக் குடியேறி, மானியத்தில் ஒரு உழவு இயந்திரம் கொண்டுவந்தார். இப்போது கரைவலையை அதில் பூட்டிய, கயிறு சுற்றுகிற வின்ச்தான் இழுக்கிறது. அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சனத்தின் கை இன்றைக்கும் கட்டித்தான் கிடக்கிறது, இழுக்க யாரும் கூப்பிடுவதில்லை. எஞ்சின் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நானா சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். அவர் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. வரக்கூடாதுதான். வந்தது.

போன தேர்தலுக்கு என்னை மறுபடி அதே பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். மேசையும் அதேதான், ஒரு கால் மட்டும் புதிது. அமைப்பாளர் இந்த முறை வேட்பாளர்; காலையிலேயே வந்து, "டீச்சர், பழசையெல்லாம் மறந்திடுவம்" என்று மோதிரக் கையைக் கூப்பினார். அவர் செய்ததை நான்தான் மறக்க வேண்டுமாம்.

மத்தியானம் தவிசாளர் வந்தார். தலை முழுக்க நரைத்து, சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்தார், தெரிந்ததாகக் காட்டவில்லை. வாக்குப் போட வருகிறவரின் இடக்கைச் சின்ன விரலில் மை பூச வேண்டும். அவர் கையை நீட்டினார். மை பூசுகிற பிள்ளை திகைத்து என்னைப் பார்த்தாள். அமைப்பாளரின் முகவர், அந்த ஊர்க்காரன், அன்றைக்குக் கரையில் தாளம் போட்டவன், எழுந்து நின்று, "மை பூச விரல் இல்லாட்டி வேற இடத்தில போய்த் திரும்பப் போட்டாலும் போடுவார், ஆட்சேபம்!" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். களவு நடக்கவில்லை என்று சொன்ன மனுஷனைக் கள்ளவோட்டுப் போடுவான் என்கிறார்கள்! "பக்கத்து விரல்ல பூசு" என்றேன். அவர் மை காயும்வரை கையை ஊதிக்கொண்டு நின்று, சீட்டை வாங்கிப் போய், மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பொழுது சாயும் நேரம் எண்ணினோம். கரண்ட் போகவில்லை, இப்போது ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். இந்த முறை எல்லாரும் ஒழுங்காகப் புள்ளடி போட்டிருந்தார்கள். பட்ட சனம் அல்லவா? குவியல் முடியப் போகும்போது ஒரு சீட்டு வந்தது. எந்தச் சின்னத்துக்கு நேரேயும் இல்லை. சீட்டின் நடுவில், தூண்டில் கொக்கி, அதன் கீழே மூன்று புள்ளி. கோடு நடுங்கியிருந்தது. அந்தக் குறி போட்டால் வாக்கு செல்லாது என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அதற்காக அவர் எல்லாவற்றையும் இழந்தவர்.

சட்டப்படி அதை உயர்த்திக் காட்டினேன். அந்த ஊர் முகவன் பார்த்தான், உடனே குனிந்துகொண்டான். அமைப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஊர் முழுக்க வலைக்குறி கீற வைத்த மனுஷன் ஒரு குறியைக்கூட வாசிக்கக் கற்றிருக்கவில்லை.

"இது என்ன கிறுக்கல், டீச்சர்? ஆரின்ர?"

"தெரியாது" என்றேன்.

நிராகரித்து வலப்பக்கம் வைத்தேன். இந்த முறை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். எண்ணி முடியும்வரை கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.